நாய்க்கடி ஊசியைப் பாதியில் விட்டவர்கள் கேட்கிறார்கள்

மகனைத் தெருநாய் கணுக்காலில் கடித்தது. அன்றும் மூன்றாம் நாளும் இரு கைகளிலும் ஊசி போட்டோம். திருவிழாவுக்கு ஊருக்குப் போனதில் ஏழாம் நாள் ஊசி விட்டுப்போயிற்று. இன்று பன்னிரண்டாம் நாள். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். போட்டது வீணாகவில்லை. விட்டுப்போன ஊசியை இன்றே போட்டுவிடுங்கள். தோலில் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்தால், 0, 3, 7, 28 என்பது நாள்கணக்கு. கடைசி இரண்டுக்கும் நடுவே 21 நாள் என்பதால், அடுத்த ஊசி இன்றிலிருந்து 21 நாள் கழித்து.

முதல் ஊசி போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தலைகாட்டவே சுமார் ஏழு நாளாகும். உடம்பு ஒருமுறை அறிந்துகொண்டதை ஐந்து நாள் தாமதத்தில் மறந்துவிடாது. ஆனால் கிருமி காத்திருக்காதே! அது நரம்புக்குள் புகுந்துவிட்டால் எதிர்ப்புப்பொருளால் எளிதில் எட்ட முடியாது. அதனால்தான் முதல் வாரத்து ஊசிகளை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள் என்று வருகிற எல்லாரிடமும் கெஞ்சுகிறேன்.

ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப்பொருளும், போட்டிருக்க வேண்டும். சீட்டைப் பாருங்கள். முதல் ஊசி போட்ட ஏழு நாளைக்குள்தான் அதைப் போடலாம். பிறகு உடம்பே எதிர்ப்புப்பொருளைச் செய்யத் தொடங்கியிருக்கும்.

மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டேன். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மீதியைப் போடலாமா?

ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருந்தால் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஊசியையே போட்டுவிடலாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் போன்றோருக்குத்தான் கோர்ஸ் முடிந்தபின் இந்தப் பரிசோதனை உண்மையில் உதவும்.

ஆறு மாதம் முன்பு ஒரே ஊசி போட்டேன். கடித்த நாய் என்ன ஆனதென்று தெரியாது.

இப்போதாவது போங்கள். பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்தில் நோய் வெளிப்படும் என்றாலும், ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. அந்த ஒற்றை ஊசியை நம்பாமல், புதிதாகக் கடிபட்டவருக்குப் போலவே தொடங்குவார்கள். மருத்துவர் திட்டுவார் என்று தயங்காதீர்கள்.

அப்பாவுக்குச் சிறுவயதில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். நாலைந்தோடு ஓடிவந்துவிட்டாராம். இன்று காலை மறுபடி நாய்க்கடி.

இன்றைய தடுப்பூசியை முழுதாகப் போட்டவரென்றால் 0, 3 என்று இரண்டே நாள் போதும், இம்யூனோகுளோபுலினும் வேண்டாம். தொப்புள் ஊசி அந்தக் கணக்கில் சேராது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004 கடைசியிலேயே நிறுத்திவிட்டது. அப்பாவுக்கு முழுக் கோர்ஸ் வேண்டும். காயத்தைக் கழுவாமல் இருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அழைத்துச் செல்லுங்கள்.