பிடித்துவிட்டுக் கடலிலேயே விட்ட மயில் மீன் எப்படிச் சுவருக்கு வருகிறது? அது நிஜ மீனா? கொழும்பில் செய்ய முடியுமா?

நிஜ மீன் இல்லை, ஃபைபர்கிளாஸ். முள்ளு, தோல், செதில் ஒன்றும் உள்ளே கிடையாது. கொழும்பில் தாராளமாகச் செய்யலாம், நான் செய்கிறேன். மயில் மீன் (ஆங்கிலத்தில் sailfish) என்றால் விளங்காதவர்கள் பேலியகொடைச் சந்தையில் 'தலபத்' என்று கேட்டுப் பாருங்கள், துண்டு போட்டே தருவார்கள்.

நான் முகத்துவாரம் பக்கம் ஒரு கராஜில் பஸ்களுக்கு ஏர்பிரஷ்ஷால் படம் கீறிக்கொண்டிருந்தவன். பக்கத்து ஷெட்டில் ஃபைபர் படகு பழுது பார்ப்பார்கள். மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை வெட்டவும், ரெசின் என்கிற இறுகும் பசையைக் கலக்கவும் அங்கேதான் பழகினேன். ஒரு நாள், திருகோணமலைக் கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிற ஒரு ஐயா ஃபோனை நீட்டி, "தம்பி, இந்த மீனை விட்டுட்டேன். ஆனா இது எனக்கு வேணும்" என்றார்.

அவர் சொன்ன அளவுக்குச் சந்தையில் ஒரு தலபத் வாங்கி, அதை வைத்து அச்சு எடுத்து, அதே மீனைப் பார்த்துப் பார்த்து வர்ணமும் அடித்தேன். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, நடுவில் சாம்பல். புள்ளிக்குப் புள்ளி சரி. எனக்கு நல்ல பெருமை. ஐயா வந்தார், சுற்றிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது ஐஸ்ல கிடந்த மீன்."

அப்போதுதான் அவர் எடுத்திருந்த வீடியோவை ஒழுங்காகப் பார்த்தேன். படகோரத்தில் அந்த மீனின் முதுகு செம்புப் பாத்திரம் துலக்கினது மாதிரி மின்னுகிறது. பக்கவாட்டில் இளநீலப் புள்ளிகளால் ஆன பட்டைகள், ஏறத்தாழ இருபது இருக்கும், ஒளி போட்டது போல எழும்பி நிற்கின்றன. இந்த மீன் வேட்டையாடும்போதும் மிரளும்போதும் நரம்புக் கட்டளையால் தோலிலுள்ள நிறச் செல்களை விரித்தும் சுருக்கியும் நிறம் மாற்றும். செத்தால் கட்டளை போய்விடும், நிறமும் போய்விடும். நான் சந்தையில் வாங்கினது பிணத்தின் நிறம். முழுதையும் உரசி எடுத்துவிட்டு, வெள்ளிப் பூச்சிலிருந்து திரும்பத் தொடங்கினேன். கூலி இரண்டாம் முறைக்குக் கேட்கவில்லை, கேட்க முகமும் இல்லை.

இன்றைக்கும் ஒரு மாதிரி உருவத்தைப் பார்த்தால் நான் முதலில் பார்ப்பது நிறத்தை. அடுத்தது வயிற்றுப் பக்கத் துடுப்புகளை. மயில் மீனுக்கு அவை நூல் மாதிரி மெல்லியதாக, மலவாய் வரைக்கும் கிட்டத்தட்ட நீண்டிருக்கும். வேகமாக ஓடும்போது அடியிலுள்ள பள்ளத்தில் மடித்துக்கொள்ளும். அவசரமாகச் செய்கிறவர்கள் இதைக் குட்டையாக்கிவிடுவார்கள். வாலடியில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மேடுகள் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள். (மணிக்கு 110 கிலோமீற்றர் ஓடும் என்று எல்லா இடமும் எழுதியிருப்பார்கள். அண்மைய ஆய்வுகள் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஒழுங்காகத் தரவில்லை. வாடிக்கையாளரிடம் மட்டும் இதைச் சொல்வதில்லை.)

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனின் வழுவழுப்பைக் கழுவி எடுத்து, மணலில் பாதி புதைத்து, பக்கம் பக்கமாக அச்சு. பாய்மரப் பாய் போன்ற முதுகுத் துடுப்பு தனி அச்சு, ஏனென்றால் அதன் சவ்வு தொட்டாலே கிழியும். அச்சுக்குள் மெழுகு, ஜெல்கோட் (வெளித்தோலாக அமையும் ரெசின் பூச்சு), மேட், ரெசின். இரண்டு பாதியையும் ஒட்டி, சுவர்ப் பக்கம் உள்ளே ஒரு பலகைத் துண்டு வைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி, வர்ணம், கடைசியாக வாகனத்துக்கு அடிக்கிற, நிறமில்லாத கிளியர் பூச்சு. கொழும்பு வெயிலில் ரெசினை இறுக்குகிற ஹார்ட்னர் ஒரு சொட்டுக் கூடினாலும் ரெசின் கோப்பையிலேயே இறுகிப் புகை விடும். மழைக்காலத்தில் நேர்மாறு, ஈரக்காற்றில் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

அப்படியென்றால் ஒரு மீனும் சாகவில்லையா என்று கேட்பீர்கள். செத்தது. ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சந்தை மீன். என்னிடம் ஆறடி, ஏழடி, எட்டடி என்று மூன்று அச்சு இருக்கிறது, எல்லா ஓடரும் அந்த மூன்றிலிருந்துதான். இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் வந்தால் நடுவில் வெட்டி, துண்டு வைத்து நீட்டுவேன். மெழுகும் ரெசினும் பட்ட மீனைக் கறி வைக்க முடியாது, புதைத்தோம். அன்றைக்கு ஷெட்டுக் கூரை முழுக்கக் காகம்.

மீனை விடுகிறவர்கள் எனக்குக் கொண்டுவர வேண்டியது இரண்டு அளவும் ஒரு படமும். நீளம் என்றால் கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் பிளவு வரை. ஈட்டி மாதிரி நீண்ட மேல்மூக்கைச் சேர்க்கக் கூடாது. மற்றது உடம்பின் தடித்த இடத்துச் சுற்றளவு. இரண்டும் அங்குலத்தில் இருந்தால், சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800 ஆல் பிரித்தால் நிறை இறாத்தலில் (பவுண்டில்) வரும். 66 அங்குல நீளம், 26 சுற்றளவு என்றால் ஏறத்தாழ 56 இறாத்தல், 25 கிலோ சொச்சம். இதையெல்லாம் மீன் தண்ணீரில் கிடக்கும்போதே, படகோரத்தில் வைத்து எடுங்கள். தூக்கி மடியில் வைத்துச் சிரிக்கிற படம் வேண்டாம். செவுள் காற்றில் ஒட்டிப்போகும், நிறமும் அதற்குள் இறங்கத் தொடங்கிவிடும், எனக்கும் பிரயோசனமில்லை.

ஃபுளோரிடாவில் இது பெரிய தொழில். அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஹவாய் போன்ற தீவுகள் நீங்கலாக, மயில் மீனையும் கொப்பரா மீனையும் (marlin) விற்கவே முடியாது. இங்கே அது ஞாயிற்றுக்கிழமைக் கறி. அதனால்தான் கொட்டாஞ்சேனை மாமிக்கு என் தொழில் இன்னும் விளங்கவில்லை. "மீனைக் கடல்ல விட்டுட்டு, பிளாஸ்டிக் மீனுக்கு இவ்வளவு காசு குடுக்கிறாங்களா? விசரா?" என்று போன தீபாவளிக்கும் கேட்டார்.

விலையை இங்கே எழுதவில்லை, ரெசின் டொலரோடு ஏறி இறங்குகிற சாமான். 2022 இல் சில மாதம் காசு இருந்தும் பொருள் கிடைக்கவில்லை. வாங்கிய பிறகு மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள். காலிமுகத்திடல் பக்கத்து ஒரு மாடி வீட்டில் அப்படி மாட்டி, இரண்டு வருடத்தில் பாயின் நீலம் வெளுத்துப்போய் என்னிடம் திரும்பி வந்தது. ஐஸ்ல கிடந்த மீன் மாதிரியே இருந்தது.