‘ஆம், இஸ், ஆர்’: ஒரு தாயின் கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் தரம் 7இல் படிக்கிறான். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்று ஆங்கில வினைச்சொற்களை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பான். எழுதச் சொன்னால் ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’ என்கிறான். நேற்று ஆத்திரத்தில் அடித்தும் விட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாதோ என்று பயமாக இருக்கிறது. நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்று சொல்வீர்களா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அடித்தது பெரும் பிழை. பிள்ளை எழுதியது மடமையன்று. நாம் ‘போகிறேன்’ என்னும்போது, ‘நான்’ என்பதை அந்த வினையின் இறுதியிலுள்ள ‘ஏன்’ காட்டிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், ‘ஐ’ வந்தால் ‘ஆம்’ வந்தே தீரவேண்டும் என்று எண்ணியதில் என்ன வியப்பு? தமிழ் இலக்கணத்தை ஒழுங்காக ஆங்கிலத்துக்குள் கொண்டுபோயிருக்கிறான், பாவம்.

அவனுடைய கொப்பியை எடுத்துப் பாருங்கள். ‘ஆம் என்றால் இருக்கிறேன், இஸ் என்றால் இருக்கிறான்’ என்று யாரேனும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இந்தக் கற்பித்தல்மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ‘இவர் என் மாமா’, ‘இது எங்கள் வளவு’ என்று வினைச்சொல்லே இல்லாமல் தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘மாமாவாக இருக்கிறார்’ என்று எவரும் அறிமுகம் செய்வதில்லை. ஆங்கிலம் அந்த இடத்தை வெறுமையாக விடாது. அதை நிரப்பவே அங்கே ‘இஸ்’ நிற்கிறது. இதை விளக்காமல் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளையைக் குறைசொல்வது என்ன நியாயம்?

அந்த வடிவங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அல்ல. ‘ஆம்’, ‘இஸ்’ ஒரு மூலத்திலிருந்தும், ‘வாஸ்’, ‘வேர்’ இன்னொன்றிலிருந்தும், ‘பீன்’, ‘பீயிங்’ வேறொன்றிலிருந்தும் வந்து, பழைய ஆங்கிலத்திலேயே ஒன்றாகக் குடியேறியவை. ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்க வழியில்லை. வாக்கியத்தில் பழகினால்தான் உண்டு.

‘எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்’ என்ற பேச்சை இனி எடுக்காதீர்கள். உங்கள் மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. 1892இல் உங்கள் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர்.

இன்றிரவு சாப்பிடும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்: அப்பா யார், அம்மம்மா நேற்று எங்கே இருந்தார், நாங்கள் இப்போது எங்கே இருக்கிறோம். தடுமாறினால் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்; விளக்கவுரை வேண்டாம், குட்டவும் வேண்டாம். புத்தகமா? அரசாங்கம் இலவசமாகத் தந்த பாடநூல் வீட்டில் இருக்கிறதுதானே, அதுவே போதும்.