நிலக்கரி ஊர்களின் கால்பந்து

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்து என்றாலே பிரீமியர் லீக் பேச்சுதான். அதற்கு வெகு கீழே சின்ன ஊர் கிளப்கள் ஆடும் வட்டார லீக்குகளுக்குச் சொல்லும்படியான வரலாறு உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நிறைய உண்டு. பெரிய லீக்குகளுக்கு வெளியே இருப்பவை என்ற பொருளில் 'நான்-லீக்' (Non-League) என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தர்ன் லீக். பெரிய கிளப்களின் ஃபுட்பால் லீக் 1888இல் தொடங்கியது. இது அதற்கு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இன்றும் நடக்கும் கால்பந்து லீக்குகளில் உலகிலேயே இரண்டாவது பழமையானது. டர்ஹாம் பக்கத்துப் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்கள்தான் இதன் உயிர்.

பிஷப் ஆக்லாந்து என்ற சிறு நகரத்தின் கிளப், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கோப்பையை 10 முறை வென்றது. 1955, 56, 57 என்று தொடர்ந்து மூன்று முறை! அதற்கு முந்தைய 1954 இறுதிப்போட்டியில் எதிரணி, சில மைல் தள்ளியிருந்த குரூக் டவுன். வெம்ப்லியில் ஒரு லட்சம் பேர் பார்த்த ஆட்டம் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது முறை ஆடித்தான் குரூக் 1-0 என்று ஜெயித்தது. 1958இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்து நின்றபோது, கைகொடுக்கப் போனவர்களில் மூவர் பிஷப் ஆக்லாந்துக்காரர்கள். அவர்களில் ஒருவரான வாரன் பிராட்லி பிறகு இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

கேள்வி: சுரங்கத் தொழிலாளர்கள் இத்தாலியின் பெரிய கிளப்பான யுவென்டஸை வென்றதாகச் சொல்கிறார்களே, நிஜமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நிஜம்தான். அதே டர்ஹாம் பகுதியின் வெஸ்ட் ஆக்லாந்து கிராமத்து அணி. டூரின் நகரில் நடந்த சர் தாமஸ் லிப்டன் கோப்பையை 1909இல் வென்றது. 1911இல் மறுபடி போய், இறுதிப்போட்டியில் யுவென்டஸை 6-1 என்று வீழ்த்தியது. இதை முதல் உலகக் கோப்பை என்று கொண்டாடுபவர்கள் உண்டு. ஆடியவை நாட்டு அணிகள் அல்ல, கிளப்கள். அதனால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு கிராமத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது?

இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமானது. ஆனால் கிளப் கடனில் மூழ்கியதால் ஊர் ஹோட்டல்காரப் பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். 1960இல் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். 1994இல் அது திருடுபோனது. இப்போது இருப்பது நகல். அந்த லிப்டன், நம் வீடுகளில் பழகிய தேயிலை லிப்டன்தான். இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கம் தமிழர்கள் கொழுந்து பறித்த தோட்டங்கள் அவருடையவை.

கேள்வி: அமெச்சூர் கோப்பை ஏன் நின்றது? (வாசகர், ஈரோடு)

பதில்: பெயரளவில்தான் அமெச்சூர். ஆட்டம் முடிந்து வந்தால் பூட்ஸுக்குள் பணம் இருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். 1974இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையையே எடுத்துவிட்டது. கோப்பையும் முடிந்தது.

அதன்பின் நார்தர்ன் லீக் செய்ததுதான் எனக்கு வருத்தம். 1979இல் நான்-லீக் கிளப்களுக்கென நாடு தழுவிய அலையன்ஸ் பிரீமியர் லீக் வந்து, கீழிருந்து மேலே ஏறும் படிநிலை உருவானபோது, இவர்கள் சேர மறுத்தார்கள். தூரப் பயணம், செலவு, பழைய பெருமை எல்லாம் புரிகிறது. ஆனால் மேலே போக ஆசைப்பட்ட கிளப்கள் காத்திருக்குமா? 1988இல் பிஷப் ஆக்லாந்தே வெளியேறியது. 1991இல்தான் லீக் படிநிலைக்குள் வந்தது. தாமதம் அதன் இடத்தைக் கீழே தள்ளிவிட்டது. திறமைக்கு மட்டும் குறைவில்லை. அந்த மட்டத்து கிளப்களுக்கான எஃப்.ஏ. வேஸ் கோப்பையை 2009 முதல் 2017 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை வென்றது நார்தர்ன் லீக் அணிகள்தான். அதில் முதல் மூன்றும் விட்லி பே (Whitley Bay) என்ற கிளப் வென்றவை.