செல்லுக்குள் ஒற்றைப் பட்டை, ஊடகத்தில் இரண்டு: சி3 குறித்து

வணக்கம். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது, ஹெப்ஜி2 (மனிதக் கல்லீரல் புற்றிலிருந்து வந்த செல்வகை) செல்களின் சாற்றில், நோயெதிர்ப்பில் பங்கேற்கும் நிரப்புப் புரதமான சி3 185 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) அருகே ஒற்றைப் பட்டையாகவும், வளர்ப்பு ஊடகத்தில் 115, 75 என இரண்டாகவும் தெரிவதால், மாதிரி சிதைந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். சிதைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் காண்பது இயல்பான முதிர்ச்சிதான்.

குருதியிலுள்ள சி3-இன் பெரும்பகுதியை உருவாக்கும் கல்லீரல் செல்கள், அதை முதலில் ஒரே நீண்ட சங்கிலியாகவே தொகுக்கின்றன. எண்டோபிளாச வலையில் மடிப்பும் டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்களிடையேயான) பிணைப்புகளும் சர்க்கரைத் தொடர்களும் அமைந்தபின், சுரப்புப் பாதையின் பிற்பகுதியில் ஃபியூரின் வகை நொதி, அடுத்தடுத்துள்ள நான்கு அர்ஜினின் அமினோ அமிலங்களைக் கொண்ட இணைப்பில் அதை வெட்டுகிறது. அவ்வாறு உண்டாகும் ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகள் டைசல்ஃபைடால் பிணைந்தே இருப்பதால், அப்பிணைப்பை முறிக்கும் மெர்காப்டோஎத்தனால் சேர்க்காமல் ஊடக மாதிரியை ஓட்டினால் அதுவும் ஒற்றைப் பட்டையாகவே தெரிய வேண்டும். ஐயம் தீர இதைவிட எளிய சோதனை இல்லை.

46 கிலோடால்டன் அருகே நீங்கள் குறிப்பிட்ட மங்கலான பட்டைதான் சற்றுத் தொல்லையானது. மாதிரியைச் சூடாக்கும்போது ஆல்ஃபா சங்கிலி தன் தயோஎஸ்டர் பிணைப்பு உள்ள இடத்தில் தானே முறிவதுண்டு. அந்தப் பிணைப்போடு வினைபுரியும் மெத்திலமீனை முன்கூட்டியே சேர்த்தால் அந்த முறிவு நிகழாது. மாட்டுச் சீரம் கலந்த ஊடகமானால், எதிர்ப்பொருள் மாட்டின் சி3-ஐயும் பிடிக்கக்கூடும் என்பதால், சேகரிக்கும் வேளையில் சீரமற்ற ஊடகத்துக்கு மாறிவிடுங்கள்.

அடுத்து, சி3-இன் உறவுப் புரதமான சி4-ஐ ஆராய்வதானால், அது மூன்று சங்கிலிகளாகப் பிரிவது. ஹெப்ஜி2 செல்கள் அதன் வெட்டப்படாத முன்வடிவத்தையும் ஓரளவு வெளியே சுரந்துவிடும்.