துக்கத்திலும் குழப்பத்திலும் பைபிள் வசனங்கள் உண்மையிலேயே ஆறுதல் தருமா?

நெருக்கடியான நேரத்தில் பைபிள் வசனங்கள் ஆறுதல் தந்திருக்கின்றனவா, முடிவெடுக்க வழிகாட்டியிருக்கின்றனவா, பைபிளில் வரும் மனிதர்களில் உங்களுக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தந்திருக்கின்றன. ஆனால் பிய்த்தெடுத்த ஒற்றை வசனங்களாக வந்தபோது அவ்வளவாகத் தரவில்லை. யார் சொன்னது, என்ன பாடு பட்டுக்கொண்டிருந்தபோது சொன்னது, அதற்கு முந்தின வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அவை என்னிடம் பேசின.

அம்மா நீண்ட நாள் படுக்கையில் கிடந்து இறந்தார். அடுத்த சில நாட்களில் என் போனுக்கு அதிகம் வந்த வசனம் ரோமர் 8:28. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்று பவுல் எழுதியது, பூப்படத்தின் மேல், சூரிய உதயத்தின் மேல், விதவிதமாக. அனுப்பியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். என்றாலும் அடக்கம் முடிந்து வீடு திரும்பியவனிடம் ‘எல்லாம் நன்மைக்கே’ என்றால் அவன் அதற்கு மேல் அழ முடியாது. ஆமென் என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஒருநாள் அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தேன். இரண்டே வசனங்களுக்கு முன்னால், 26-இல், எப்படி வேண்டிக்கொள்வது என்றே நமக்குத் தெரிவதில்லை, ஆவியானவர்தாமே ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ நமக்காக வேண்டுகிறார் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்று எழுதியிருக்கிறார். இத்தனை பெருமூச்சுக்கும் பிறகுதான் 28-ஆம் வசனம் வருகிறது. எழுதியவரோ மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கியவர், ஐந்து முறை முப்பத்தொன்பது அடி வாங்கியவர். அந்த வாயிலிருந்து வருகிறபோது கேட்டுக்கொள்ள முடிகிறது. போனில் எனக்கு வந்தது கடைசி வரி மட்டும்.

அதிலிருந்து, யாராவது ஒரு வசனம் அனுப்பினால் அதற்கு மேலும் கீழும் பத்து வசனம் படித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

துக்கத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் யோவான் 11. இயேசுவின் நண்பர் லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. வியாதி என்று செய்தி வந்தபிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்பதையும் யோவான் மறைக்காமல் எழுதுகிறார். அவர்களுடைய ஊரான பெத்தானியாவுக்கு வந்ததும் லாசருவின் சகோதரி மார்த்தாள் வழியிலேயே எதிர்கொண்டு போய்ச் சொல்கிறாள்: ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.’ கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சகோதரி மரியாள் வந்து காலில் விழுகிறாள். அவளும் சொல்வது அதே வாக்கியம்தான். நான்கு நாளாக அந்த வீட்டில் சகோதரிகள் இருவரும் இதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ‘அந்த டாக்டரிடம் முதலிலேயே போயிருந்தால்’ என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டதைப்போல.

இரண்டு பேருக்கும் இயேசு ஒரே பதிலைத் தரவில்லை. மார்த்தாளிடம் பேசுகிறார், ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்கிறார். அவள் பேச வந்தவள், பதிலுக்குப் பதில் சொல்லக்கூடியவள். மரியாள் அழுதுகொண்டு வந்தாள். அவளுக்கு எந்த உபதேசமும் கிடையாது. எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார், கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தவர், ‘அழாதே, இதோ பார்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முடிவு நல்லதாக இருக்கப்போகிறது என்பதற்காக நடுவில் இருக்கும் அழுகையை அவர் தள்ளிவிடவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். அம்மாவுக்காக அழுவதும் மறுமையில் நம்பிக்கை வைப்பதும் ஒன்றையொன்று மறுக்கும் காரியங்கள் என்று எனக்குள் இருந்த சங்கடம் அந்த அதிகாரத்தில்தான் தீர்ந்தது.

எனக்கு நெருக்கமான மனிதர் யார் என்றால் தீர்க்கதரிசி எலியாதான். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியாவைச் சொல்லவில்லை, அவர் என் கைக்கெட்டாதவர். அதற்கு அடுத்த அதிகாரத்தில், 1 இராஜாக்கள் 19-இல், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போன எலியா.

அங்கே வந்த தூதன் என்ன செய்தான் பாருங்கள். விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கர்மேலில் கண்ட அற்புதத்தை நினைவுபடுத்தவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்! தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொல்லி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்றான். உடம்பு தேறிய பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

பிரசங்கங்களில் எல்லாரும் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதன்பின் வருவதுதான் பிடிக்கும். இங்கே உனக்கு என்ன காரியம் என்று கர்த்தர் முன்பு கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார். எலியா முன்பு சொன்ன பதிலையே ஒப்பிக்கிறார்: நான் ஒருவன்தான் மீதி, என்னையும் கொல்லத் தேடுகிறார்கள். மெல்லிய சத்தத்தைக் கேட்டும் மனுஷனின் புலம்பல் ஒரு வரிகூட மாறவில்லை. மாறாததற்காக அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. திரும்பிப் போ, இன்னின்னாரை அபிஷேகம்பண்ணு என்று மூன்று வேலை கொடுக்கப்படுகிறது. அதில் ஒருவன் எலிசா, கடைசிவரை எலியாவை விட்டுப் பிரியாமல் கூடவே இருந்தவன். நீ ஒருவன் இல்லை, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம்பேர் இருக்கிறார்கள் என்பதையும் கடைசியில்தான் சொல்கிறார். முதலில் சாப்பாடும் தூக்கமும், பிறகு பேச்சு, பிறகு வேலையும் துணையும், அதற்குப் பிறகே ‘நீ நினைப்பது சரியில்லை’ என்ற திருத்தம். நம்மில் பலர் ஆறுதல் சொல்லப் போனால் திருத்தத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ‘போதும், எடுத்துக்கொள்ளும்’ என்ற நினைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தால், தயவுசெய்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. எலியாவுக்கே முதலில் உடம்பைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது.

ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களுக்கும் பைபிளில் இடம் உண்டு. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூன்றுபேர் வந்து ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நன்றாகவே செய்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்று யோபு அலுத்துக்கொள்கிறார். அவர்கள் பேசியதில் பாதி, தனியாக எடுத்துச் சுவரில் மாட்டினால் அருமையான வசனங்களாக இருக்கும். இதுதான் எனக்கு வேடிக்கை. கடைசியில் கர்த்தர் எலிப்பாசிடம், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அத்தனை அதிகாரம் முறையிட்டு வாதாடியவர் சரியாகப் பேசினாராம், பக்தியாகப் பேசியவர்கள் தவறினார்களாம்.

முறையிட உங்களுக்கு வார்த்தை வராவிட்டால் சங்கீதங்களைச் சத்தமாக வாசியுங்கள். 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடுமை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்பாமலேயே முடிகிறது. அப்படி ஒரு பாட்டை ஜெபப் புத்தகத்துக்குள் விட்டுவைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு ஒருநாள் போதுமானதாக இருந்தது.

இனி வழிகாட்டுதல். அம்மாவுக்குப் பிறகு அப்பாவைத் தனியாக விடுவதா, வேலையை விட்டுவிட்டு அவரோடு போய் இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைக்கும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கேள்விக்கு நேரான வசனம் எதுவும் கிடையாது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் உதவியவர் நெகேமியா, பெர்சிய ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரராக வேலைபார்த்த யூதர்.

எருசலேம் மதில் இடிந்து கிடக்கிற செய்தி சூசானில் அவருக்குக் கிஸ்லேவ் மாதம் வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜாவிடம் கேட்க வாய்ப்பு வருவது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும் ஒரு நொடி ஜெபம். அடுத்த நொடி, எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் தர வனக்காவலன் ஆசாபுக்கு என்ன எழுத வேண்டும் என்று எல்லாம் தயாராகச் சொல்கிறார். ஊர் போய்ச் சேர்ந்தபிறகும் உடனே கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் கழித்து ராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் ஏறிப்போன மிருகம் நுழையக்கூட வழியில்லை. அத்தனையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டுவோம் வாருங்கள் என்கிறார். 52 நாளில் மதில் முடிந்தது.

அதைப் படித்தபிறகு நானும் ஜெபித்தேன், கூடவே கையிருப்பையும் கடனையும் எழுதிப் பார்த்தேன், அக்காவிடம் பேசினேன், அப்பாவிடமே கேட்டேன். (அதுவரை அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.) வேலையை விடவில்லை, அப்பா என்னோடு வந்துவிட்டார். இது தேவசித்தம்தானா என்று கேட்டால் பெர்சிய ராஜாவின் ராணியாகிவிட்ட யூதப் பெண் எஸ்தரிடம், அவளை வளர்த்த மொர்தெகாய் தங்கள் ஜனத்துக்கு ஆபத்து வந்தபோது சொன்னதைத்தான் சொல்வேன். இப்படிப்பட்ட காலத்துக்காகவே உனக்கு இந்த ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே, ‘யாருக்குத் தெரியும்’ என்றார் அவர். அந்தப் புத்தகத்தில் தேவன் என்ற பெயரே வராது, தரிசனமும் கிடையாது. அந்த ஒரு ‘யாருக்குத் தெரியும்’ என்பதை வைத்துக்கொண்டு எஸ்தர் தன் ஜனத்துக்காகப் பேச ராஜாவிடம் எழுந்து போனாள்.

எதிர்காலத்தைப் பற்றிப் பலருக்கும் பிடித்த எரேமியா 29:11 பற்றியும் சொல்ல வேண்டும், ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்பது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போகவே போவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த வாக்குத்தத்தம் எழுதப்பட்டது. அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்பதற்கு இதைப் பிடித்துக்கொள்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதுவும் சீக்கிரம் மாறப்போவதில்லை என்று தெரிந்தவர்களுக்கு இது இன்னும் ஆழமாகப் போய்ச் சேரும் என்பது என் அனுபவம்.

நான் கிறிஸ்தவன் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள், சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவீர்கள். ரூத்தின் புத்தகத்தை எடுங்கள், நான்கே அதிகாரம். கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் புதைத்துவிட்டுத் திரும்பி வரும் நகோமி, நிறைவாகப் போனேன், வெறுமையாகத் திரும்பினேன் என்று ஊர்ப்பெண்களிடம் சொல்கிறாள், மருமகள் ரூத் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. ரூத் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று புத்தகத்தில் இல்லை. அதன்பின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். கடைசி அதிகாரத்தில் அதே ஊர்ப்பெண்கள் ரூத்தைப் பற்றி நகோமியிடம் என்ன சொல்கிறார்கள் என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அதன்பின் 1 இராஜாக்கள் 19, யோவான் 11, அப்புறம் சங்கீதங்கள். ரோமரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.