தோலில் பரவிய மார்பகப் புற்று: புண் கட்டும் செவிலியரிடம் கேளுங்கள்

புற்றுநோய் வார்டில் புண் கட்டுவது என் வேலை. கீமோ கணக்கெல்லாம் உங்கள் டாக்டரிடம். புண், நாற்றம், கசிவு என்றால் என்னிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் தழும்பில் பட்டாணி அளவில் மூன்று கட்டிகள். வலி இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. வலிக்காததுதான் ஏமாற்றும். பயாப்ஸி, அதாவது கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது, எடுக்கச் சொல்லுங்கள். ஈஆர், பிஆர் (ஹார்மோனால் வளரும் புற்றா என்று காட்டுபவை), ஹெர்-2 (புற்றை வளரத் தூண்டும் புரதம்) மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டிலிருந்து அது மாறியிருக்கலாம். ஹார்மோன் மாத்திரையா, கீமோவா, ஹெர்-2-ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியா என்பது அதை வைத்துத்தான்.

தோலில் வந்தாலே நாலாம் ஸ்டேஜா?

எப்போதும் அல்ல. முதல்முறை கண்டுபிடிக்கும்போதே அதே மார்பின் தோலில் மட்டும் புண் இருந்து, வேறெங்கும் பரவாவிட்டால் அது மூன்றாம் ஸ்டேஜ்.

அக்காவின் புண் நாறுகிறது. பிள்ளைகள்கூடப் பக்கத்தில் வருவதில்லை.

முதலில் அக்காவிடம் சொல்லுங்கள், இது அவர் சுத்தமில்லாததால் வந்ததல்ல. செத்த சதையில் காற்றில்லாமல் வளரும் கிருமிகளின் நாற்றம் இது. மெட்ரோனிடசோல் ஜெல் தடவினால் நன்றாகக் குறையும். ஜெல் கிடைக்காவிட்டால் அந்த மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவோம். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். காய்ந்த கட்டைப் பிய்க்கவே கூடாது. சலைன் ஊற்றி ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். அடியில் ஒட்டாத பாரஃபின் காஸ், அதன்மேல் சாதாரண காஸ், கசிவு அதிகமென்றால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சானிட்டரி நாப்கின். செலவும் குறைவு. ரத்தம் வந்தால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. கைக்கெட்டும் இடத்தில் கருஞ்சிவப்புத் துண்டு ஒன்று இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்த்தால் வீடே நடுங்கும்.

மஞ்சள் பற்று போடலாமா?

கூடாது.

மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றணுவைக் கொல்கிறது என்று ஆராய்ச்சியே சொல்கிறதே?

ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கொன்றது. மனித உடம்பு அதை உறிஞ்சுவதே அரிது. நான் பார்த்தது வேறு: மஞ்சள் காய்ந்து புண்ணோடு பாறையாக ஒட்டி, அதைக் கரைத்தெடுக்க எனக்கு ஒரு மணி நேரம். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டி காலத்தில் போடவில்லையா?

போட்டார்கள், வெட்டுக்காயத்துக்கு. இது வெட்டுக்காயம் இல்லை.

ரேடியேஷன் கொடுக்கலாமா?

பல சமயம் கொடுப்பார்கள். ரத்தக் கசிவும் வலியும் குறையும். அதே இடத்தில் முன்பே கொடுத்திருந்தால் டாக்டர் யோசிப்பார்.

மின்சார சிகிச்சை என்கிறார்களே?

ப்ளியோமைசின் ஊசி போட்டுவிட்டு, கட்டியில் மின்துடிப்பு கொடுப்பது. மருந்து அணுவுக்குள் நன்றாக இறங்கும். சின்னக் கட்டிகளுக்கு நல்லது. எல்லா ஊரிலும் கிடைக்காது.

மஞ்சள் வேண்டாம், சரி. வேப்பிலை?

அம்மா, மேலே மஞ்சளுக்குச் சொன்னதைப் படியுங்கள். பச்சிலை எதுவும் வேண்டாம். ஏழாம் பெட்டுக்குக் கட்டு மாற்றும் நேரம், கிளம்புகிறேன்.