255 கொடுத்தும் பட்டை மங்கல், மாஸ்ஃபெட் சூடு

மாஸ்ஃபெட்டை (பட்டைக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற பாகம்) மாற்றுங்க, அர்டுயினோ நிரலில் தப்பில்லை. நிரலில் உச்ச அளவான 255 கொடுத்தும் 12 வோல்ட் எல்இடி பட்டை முழு வெளிச்சத்துக்கு வராமல், ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட் தொட முடியாத அளவு சுடுகிறது என்றால், அது அரைகுறையாகத்தான் திறக்கிறது.

அது முழுக்கத் திறக்க கேட்டில் (திறக்கச் சொல்லும் கால்) 10 வோல்ட் வேண்டும். அர்டுயினோ உனோ போர்டின் பின்னில் (pin) வருவது 5 வோல்ட்தான். விவரத்தாளில் இருக்கும் 2 முதல் 4 வோல்ட் என்பது திறக்கத் தொடங்கும் அளவு. சோமனூரில் எங்கள் தறிக்குடோனில், துணியில் பிழை பார்க்கும் மேஜைக்கு விளக்கு போட்டபோது நானும் அதை நம்பித்தான் ரெண்டு நாள் நிரலையே நோண்டினேன்.

வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்க:

1. கேட் ஒயரை உனோவிலிருந்து முழுதாகக் கழற்றுங்க. மறந்தால் போர்டு போய்விடும்.
2. கேட்டை 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டில் கொடுங்க.

பட்டை பளிச்சென்று எரிந்து, சூடும் குறைந்தால் காரணம் இதுதான். அப்போதும் மங்கலாக இருந்தால் அடாப்டரையும் ஒயர் தடிமனையும் பாருங்க.

மாற்றுக்கு ஐஆர்எல்இசட்44என் கேளுங்க, 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும். கால்கள் அதே வரிசைதான். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம் போடுங்க, இல்லாவிட்டால் உனோ துவங்கும்போது விளக்கு மினுக்கும்.

இது 12 வோல்ட் பட்டைக்கு மட்டும். 230 வோல்ட் டிம்மபிள் பல்பை இந்தச் சுற்றில் மாட்டவே மாட்டாதீங்க.